இறக்கத்தின் கணக்கு

அமெரிக்க ஐக்கிய நாடுகளின் கொலராடோ மாநிலத்தில், ராக்கி மலைத்தொடரைக் குறுக்கே கடந்து செல்லும் 70-ஆம் எண் நெடுஞ்சாலை, தில்லன், சில்வர்தோர்ன் என்னும் இரண்டு சிற்றூர்களை விட்டு நீங்கியதும், ஸ்ட்ரெய்ட் கிரீக் என்ற மலையோடையின் பள்ளத்தாக்கை ஒட்டிச் சுமார் 13 கிலோமீட்டர் தூரம் இடைவிடாது மேலேறி, கடல்மட்டத்துக்கு மேல் ஏறத்தாழ 3,400 மீட்டர் உயரத்தில் ஐசன்ஹோவர் சுரங்கப்பாதையின் மேற்கு வாயிலில் போய் நுழைகிறது. 1973-இல் ஒரு குடைவும் 1979-இல் மற்றொரு குடைவுமாகத் திறக்கப்பட்ட இந்தச் சுரங்கத்தை அடைவதற்குள் சாலை சுமார் 700 மீட்டர் உயர்ந்துவிடுகிறது. செங்குத்தான பகுதிகளில் நூறு மீட்டருக்கு ஏழு மீட்டர் என்பது அதன் ஏற்றம். பாரவண்டிகளின் பலத்தைச் சோதிக்க விரும்புகிறவர்கள் இந்த மலைச்சாரலைத் தேடி வருவதில் வியப்பில்லை.

கோடைகாலத்தில் இந்தச் சாலையோரம் நிற்பவர் கண்ணுக்கு, சரக்கு லாரிகளுக்கு இடையிடையே மற்றொரு வகை வாகனமும் தென்படும். முன்னால் செல்வது டீசல் எஞ்சின் பூட்டிய பெரிய பிக்கப் வண்டி. அதன் பின்தொட்டியின் மேலே மூக்கை நீட்டிப் படுத்துக்கொண்டு, பத்துப் பன்னிரண்டு மீட்டர் நீளத்துக்குத் தொடர்ந்து வருவது ஒரு வீடு. சமையலறை, குளியலறை, படுக்கையறை, குளிர்சாதனப் பெட்டி, தண்ணீர்த் தொட்டி, வண்டி நின்றபின் பக்கவாட்டில் இழுத்து விரித்துக்கொள்ளும் கூடம் ஆகிய சகலமும் அதில் அடக்கம். இண்டியானா மாநிலத்து எல்கார்ட் நகரத்தைச் சுற்றியுள்ள தொழிற்சாலைகளில் பெரும்பாலும் தயாராகும் இந்த வீடுகளை வாங்கி, உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்றபின் நிலையான இல்லத்தையே விற்றுவிட்டு, குளிர்காலத்தை அரிசோனாவின் குவார்ட்சைட் பாலைவனத்திலும் கோடையை மலைகளிலும் கழிக்கும் தம்பதிகள் அந்நாட்டில் அநேகர் உண்டு. அத்தகைய ஒரு வண்டியை இந்த அத்தியாயத்துக்கு உதாரணமாகக் கொள்வோம். பிக்கப்பின் எடை மூன்றரை டன். வீட்டின் எடை ஆறரை டன். ஆக மொத்தம் பத்து டன்.

பாரம் இழுப்பதைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் மனம் இயல்பாகவே எஞ்சினின் பலத்தை நாடிப் போகிறது. வண்டி விற்போரின் விளம்பரங்களும் அதையேதான் பெரிய எழுத்தில் அச்சிடுகின்றன. ஆனால் பௌதிக சாஸ்திரத்தின் வழியே நிதானமாக ஆராய்ந்து பார்த்தால், இழுக்கும் பலம் என்பது இவ்விஷயத்தில் மனிதன் ஏறக்குறைய முழுமையாகத் தீர்த்துவிட்ட பகுதி என்பது புலப்படும். தீராத பகுதி வேறொன்று. பத்து டன் பாரத்தை மலையுச்சிக்கு ஏற்றுவதில் செலவான சக்தி அழிந்து போவதில்லை. அது உயரத்தின் உருவில் அந்தப் பாரத்திலேயே சேமிப்பாக இருக்கிறது. மறுபுறம் இறங்கும்போது அவ்வளவையும், ஒரு துளி மிச்சமில்லாமல், எங்கேயாவது கொண்டுபோய்க் கொட்டியாக வேண்டும். கொட்டுவதற்கு இடம் இல்லாத வண்டி எவ்வளவு பலமுள்ளதாயினும் அபாயமானது என்பதே இந்த அத்தியாயத்தின் பொருள். அந்த இறக்கத்துக்கு வருமுன், பாரம் எந்த இடத்தில் அமர்கிறது என்பதையும், அது எவ்வாறு மேலே போகிறது என்பதையும் பார்த்தாக வேண்டும்.

குதிரை வண்டிகளின் காலத்திலேயே, முன்னச்சு இருபுறமும் தாராளமாகத் திரும்புவதற்காக, அதற்கும் வண்டியின் உடலுக்கும் நடுவே ஓர் இரும்பு வளையத்தைக் கிடையாக வைப்பது வழக்கமாயிருந்தது; தரையில் உருளும் நான்கு சக்கரங்களோடு அதையும் சேர்த்து ஐந்தாம் சக்கரம் என்றார்கள். மோட்டார் யுகத்தில் இந்தத் தத்துவம் புது உருவம் பெற்றது. டெட்ராய்ட் நகரத்துக் கொல்லரான ஆகஸ்ட் ஃப்ரூஹாஃப் என்பவர், மரவியாபாரி ஒருவருடைய படகை ஃபோர்டு மாடல்-டி காரின் பின்னே இழுத்துச் செல்லும்பொருட்டு, தன் முன்பாரத்தைக் காரின்மேல் சாய்த்துக்கொள்ளும் டிரெய்லர் ஒன்றை 1914-இல் செய்து கொடுத்தார். சரக்குப் போக்குவரத்தின் சரித்திரத்தில் அது ஒரு திருப்பம். விமானத் துறையின் முன்னோடிகளில் ஒருவரான கிளென் கர்ட்டிஸ், தம் வாழ்நாளின் கடைசி ஆண்டுகளில், காற்றடைத்த சக்கரம் ஒன்றைக் காரின் பின்பகுதியில் படுக்கவைத்து, அதன் நடுவில் டிரெய்லரின் முளையைப் பொருத்தி, அதிர்ச்சியில்லாமல் இழுபடும் பிரயாண வீடுகளைத் தயாரித்தார். இன்று அங்கே சக்கரம் ஏதும் இல்லை. தடித்த உருக்குத் தகடு ஒன்றும் அதன் நடுவில் ஒரு பூட்டும் மட்டுமே இருக்கின்றன. சென்னை, தூத்துக்குடித் துறைமுகங்களிலிருந்து கண்டெய்னர் சுமந்து புறப்படும் டிரெய்லர் லாரிகளின் முதுகில் கிரீஸ் பூசி மினுமினுக்கும் தகடும் இதே இணைப்புத்தான். அமெரிக்கப் பிக்கப்பின் தொட்டிக்குள் இருப்பது அதன் சிறிய வடிவம்.

இந்தத் தகடு எங்கே பொருத்தப்படுகிறது என்பதில்தான் சூட்சுமம் முழுவதும் அடங்கியிருக்கிறது. சாதாரண டிரெய்லரைப் பம்பருக்கு அடியில் உள்ள ஓர் இரும்புக் குண்டில் மாட்டுவார்கள். அந்தக் குண்டு பின்னச்சுக்கும் பின்னால் ஏறத்தாழ 1.3 மீட்டர் தள்ளி நிற்கிறது. ஐந்தாம் சக்கரத் தகடோ பின்னச்சுக்கு நேர் மேலே, அல்லது அதற்குச் சில அங்குலங்கள் முன்னாலேயே, அமைந்துவிடுகிறது. இந்த வித்தியாசம் எவ்வளவு பெரியது என்பதைக் கணக்கே சொல்லும். பம்பர்க் குண்டின் மேல் 650 கிலோ பாரம் இறங்குகிறது என்றும், வண்டியின் முன்னச்சுக்கும் பின்னச்சுக்கும் இடையே நான்கு மீட்டர் என்றும் வைத்துக்கொண்டால், நெம்புகோல் விதிப்படி பின்னச்சில் 860 கிலோ கூடுகிறது. முன்னச்சிலிருந்து 210 கிலோ குறைந்து போகிறது. அதாவது, வண்டியைத் திருப்புகிறவையும் பிரேக் பிடிக்கையில் பெரும்பங்கைத் தாங்குகிறவையுமான முன்சக்கரங்கள், அவசியமான வேளையில் தரையைத் தளர்வாகப் பற்றுகின்றன. ஐந்தாம் சக்கரத்தில் அதைப்போல் இரண்டு மடங்கு பாரத்தை, 1,300 கிலோவை, அச்சுக்குப் பத்து சென்டிமீட்டர் முன்னால் இறக்கினாலும், முன்னச்சில் முப்பது கிலோ கூடுகிறதே தவிரக் குறைவதில்லை. நெல் மூட்டையைத் தலைச்சுமையாகத் தூக்கி ஆறேழு கல் நடப்பவரால், அதன் கால்பங்கு எடையைக் கையை நீட்டிப் பிடித்துக்கொண்டு நாலடி நடக்க முடிவதில்லை அல்லவா?

இதனினும் முக்கியமானது பக்கவாட்டு ஆட்டம். பக்கக் காற்று அடித்தோ, பெரிய லாரி ஒன்று உராய்ந்தாற்போல் கடந்தோ, டிரெய்லரின் வால் ஒருபுறம் நகர்ந்தால், அதன் தலை வண்டியின் பின்பகுதியை மறுபுறம் தள்ளுகிறது. இணைப்பு அச்சுக்குப் பின்னால் இருக்குமானால், அந்தத் தள்ளுதலுக்கு நெம்புகோலின் நீளம் கிடைத்து, இழுக்கும் வண்டியே திசை மாறுகிறது. வண்டி திசை மாறினால் டிரெய்லர் இன்னும் அதிகமாக ஆடுகிறது. இந்த ஆட்டத்தை அடக்குபவை டிரெய்லரின் டயர்கள். டயர் பக்கவாட்டில் எதிர்த்துத் தள்ளும் விசை, அது உருளும் திசைக்கும் உண்மையில் நகரும் திசைக்கும் இடையே உண்டாகும் சிறு கோணத்தைப் பொறுத்தது. முன்னோக்கிய வேகம் கூடக் கூட, அதே பக்க அசைவு மேலும் சிறிய கோணத்தையே உண்டாக்குகிறது. ஆகவே அடக்கும் விசை வேகத்தோடு தேய்ந்துகொண்டே போய், ஒரு குறிப்பிட்ட வேகத்தைத் தாண்டியதும், ஒவ்வோர் ஆட்டமும் முந்தியதைவிடப் பெரிதாகிறது. பாரம் வால்பக்கம் அதிகமாயிருந்தால் அந்த எல்லை இன்னும் கீழே இறங்கிவிடும். ஐந்தாம் சக்கர இணைப்பில் நெம்புகோல் நீளம் ஏறக்குறைய சூனியம். டிரெய்லர் ஆடினாலும் அது அச்சின் மேலேயே தள்ளுவதால் வண்டியைத் திருப்ப வழியில்லை. பத்து டன் பாரத்தை வீட்டு உபயோக வண்டி ஒன்று இழுத்துச் செல்லலாம் என்ற துணிவே இந்த ஜியாமிதியிலிருந்து பிறந்ததுதான்.

இணைப்பதில் காட்ட வேண்டிய சிரத்தையைப் பற்றியும் சொல்ல வேண்டும். டிரெய்லரின் மூக்கிலிருந்து கீழ்நோக்கி நிற்கும் கிங்பின் என்ற முளையின் விட்டம் இரண்டு அங்குலம். ஆறரை டன் வீட்டுக்கும் வண்டிக்கும் நடுவே உள்ள பந்தம் அந்த இரண்டங்குல உருக்கு ஒன்றே. வண்டியைப் பின்னோக்கிச் செலுத்த, முளை தகட்டின் வாய்க்குள் வழுக்கிச் சென்று, உள்ளே உள்ள தாடைகள் அதன் கழுத்தைக் கவ்விக்கொள்ளும். 'டக்' என்ற ஓசை கேட்கும். ஓசையை மட்டும் நம்பலாகாது. டிரெய்லரை அரை அங்குலம் அதிகமாகத் தூக்கி வைத்திருந்தால், முளை தாடைகளுக்குள் போகாமல் அவற்றின் மேலேயே ஏறி உட்கார்ந்துகொள்ளும். பூட்டின் கைப்பிடி பூட்டியதுபோலவே தோன்றும். சாலையின் முதல் மேட்டில் வீடு நழுவி, பிக்கப் தொட்டியின் இரு பக்கச் சுவர்களையும் நசுக்கிக்கொண்டு விழும். ஆதலால் அனுபவமுள்ளவர்கள் கையில் டார்ச் விளக்குடன் குனிந்து, தகட்டுக்கும் டிரெய்லரின் மேல்தட்டுக்கும் நடுவில் வெளிச்சம் ஊடுருவுகிறதா என்று பார்ப்பார்கள். ஊடுருவினால் பூட்டு சரியில்லை என்று பொருள். அதன்பின், டிரெய்லரின் ஊன்றுகால்களைத் தரைக்கு மேல் சிறிதே விட்டுவைத்து, டிரெய்லர் பிரேக்கை மட்டும் அழுத்திப் பிடித்துக்கொண்டு, வண்டியை முன்னோக்கி ஓர் இழுப்பு இழுத்துப் பார்ப்பார்கள். அசையாமல் நின்றால்தான் கால்களை முழுதும் மடக்குவது.

இனி எஞ்சின். ருடால்ஃப் டீசல் 1892-இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்து, 1897-இல் ஆக்ஸ்பர்க் நகரத்தில் பரீட்சைக்கு நிறுத்திய யந்திரம், எரிபொருளின் சக்தியில் 26 சதவீதத்தை வேலையாக மாற்றிக் காட்டியது. அக்காலத்து நீராவி எஞ்சின்கள் எட்ட முடியாத அளவு அது. அதன் தத்துவம் எளிமையானது. தீப்பொறி இல்லை, காற்றைப் பதினாறு பங்கில் ஒரு பங்காக நெருக்கினால் அது 500 டிகிரி சென்டிகிரேடுக்கு மேல் சூடேறிவிடும், அந்தக் காற்றில் எண்ணெயைப் பீய்ச்சினால் தானே பற்றிக்கொள்ளும். பெட்ரோல் எஞ்சினில் காற்றும் எரிபொருளும் முன்கூட்டியே கலந்து நிற்பதால், அளவுக்கு மீறி நெருக்கினால் காலத்துக்கு முந்தியே வெடித்துவிடும் பயம் உண்டு. டீசலில் நெருங்குவது வெறும் காற்று. எவ்வளவு திணித்தாலும் முன்கூட்டி வெடிக்க அதில் ஏதுமில்லை. ஆகவே, கழிவு வாயுவின் வேகத்தாலேயே ஒரு சுழலியைச் சுழற்றி, அதைக் கொண்டு புதுக்காற்றை எஞ்சினுக்குள் அழுத்தித் திணிக்கும் உபாயம், அதாவது 1905-இல் ஸ்விட்ஸர்லாந்து தேசத்து ஆல்ஃப்ரட் பூஷி காப்புரிமை பெற்ற டர்போசார்ஜர், டீசலுக்கென்றே பிறந்ததுபோல் பொருந்திவிட்டது.

பிக்கப் வண்டிகளின் சரித்திரத்தில் 1989-ஐ ஒரு சகாப்தத்தின் ஆரம்பம் என்று கொள்ளலாம். அந்த ஆண்டில்தான் டாட்ஜ் நிறுவனம், டர்போ பொருத்திய 5.9 லிட்டர் கம்மின்ஸ் எஞ்சினைத் தன் பிக்கப்பில் வைத்தது. குதிரைசக்தி 160 மட்டுமே. ஆனால் அதன் முறுக்கு விசை 540 நியூட்டன்-மீட்டர், அதாவது ஒரு மீட்டர் நீளமுள்ள கைப்பிடியின் நுனியில் 55 கிலோ பாரத்தைத் தொங்கவிட்டதற்குச் சமம். 2023-இல் ஃபோர்டு நிறுவனத்தின் 6.7 லிட்டர் எஞ்சின் அந்த நுனியில் தொங்கவிட்டது 166 கிலோ. அதுவும் நிமிஷத்துக்கு 1,600 சுற்றுகள் என்ற நிதானமான வேகத்திலேயே. எஞ்சினின் கொள்ளளவு ஏழில் ஒரு பங்குதான் கூடியிருக்கிறது, பலம் மும்மடங்காகிவிட்டது. காற்றைக் கூடுதலாகத் திணித்ததும், திணிக்குமுன் குளிர்வித்ததும், எண்ணெயை 2,000 வளிமண்டலத்துக்கு மேற்பட்ட அழுத்தத்தில், ஒரே பீய்ச்சலாக அல்லாமல் பல சிறு பீய்ச்சல்களாகப் பிரித்துக் கணினியின் கட்டளைப்படி செலுத்தியதுமே இதற்குக் காரணங்கள்.

இவ்வளவு பலம் தேவைதானா என்று கேட்டால், ஏற்றத்தின் கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். பத்து டன்னை, நூற்றுக்கு ஏழு என்ற ஏற்றத்தில், மணிக்கு 96 கிலோமீட்டர் வேகத்தில் உயர்த்துவதற்கு மட்டும் சுமார் 183 கிலோவாட், அதாவது 245 குதிரைசக்தி வேண்டும். அதன்மேல், சுவர்போல நிமிர்ந்து நிற்கும் அந்த வீட்டின் முகப்பு காற்றைக் கிழிப்பதற்கும், டயர்கள் உருளுவதற்குமாகச் சேர்த்தால் 360 குதிரைசக்தியை எட்டிவிடுகிறது. 1989-ஆம் ஆண்டு வண்டியும் இந்தப் பாரத்தை மேலே கொண்டுபோய்ச் சேர்த்திருக்கும். ஆனால் மணிக்கு நாற்பது, ஐம்பது கிலோமீட்டருக்கு மேல் அதனால் போயிருக்க இயலாது. சுரங்க வாயிலில் காற்றின் அழுத்தம் கடற்கரையில் உள்ளதில் மூன்றில் இரண்டு பங்குதான் என்பதையும் மறக்கலாகாது. டர்போ இல்லாத எஞ்சின் அங்கே தன் பலத்தில் மூன்றிலொரு பங்கைத் தானாகவே இழந்துவிடும். டர்போ உள்ள எஞ்சினோ, தன் சுழலியை மேலும் விரைவாகச் சுழற்றி அந்தக் குறையைப் பெருமளவு ஈடுசெய்துகொள்கிறது. ஈடுசெய்வதற்கு விலை உஷ்ணம். ஏற்றத்தில் கழிவு வாயு 700 டிகிரியை நெருங்கும். எஞ்சினுக்குள் இருக்கும் அலுமினியப் பிஸ்டன்களுக்கு அது எல்லைக்கோடு. அதனால்தான் பாரம் இழுக்கும் டீசல் ஓட்டுநர்களில் பலர், வேகம் காட்டும் முள்ளுக்கு அடுத்தபடி, கழிவு வாயுவின் உஷ்ணம் காட்டும் முள்ளின்மேல் கண்ணை வைத்திருக்கிறார்கள்.

முன்பெல்லாம் எவ்வளவு பாரம் இழுக்கலாம் என்பதை ஒவ்வொரு நிறுவனமும் தனக்குத் தோன்றிய முறையில் சொல்லி வந்தது. இப்போது அமெரிக்க மோட்டார் பொறியாளர் சங்கம் வகுத்த பொதுப் பிரமாணம் ஒன்று உண்டு. அரிசோனாவில் கொலராடோ நதிமேல் கட்டிய டேவிஸ் அணையிலிருந்து கிழக்கே ஏறும் 11.4 மைல் சாலையே அதன் பரீட்சைக் கூடம். வெயில் 38 டிகிரியாவது இருக்க வேண்டும். குளிர்சாதனம் முழு அளவில் ஓட வேண்டும். வேகம் மணிக்கு 40 மைலுக்குக் குறையலாகாது. பின்னச்சில் இரட்டைச் சக்கரம் உள்ள வண்டிக்கு 35 மைல். மெச்சத்தக்க ஏற்பாடு.

ஏற்றம் முடிந்தது, இனி முதலில் கண்ட 70-ஆம் எண் சாலைக்கே திரும்பி, சுரங்கத்திலிருந்து மேற்கே தில்லனை நோக்கி இறங்குவோம். பத்து டன், 700 மீட்டர்: சேமித்திருக்கும் சக்தி ஏறத்தாழ 6 கோடியே 86 லட்சம் ஜூல். மேலேற்றுவதற்கு இந்த உயரத்தின் பொருட்டு மட்டும் செலவானது ஐந்து லிட்டருக்குச் சற்றுக் குறைவான டீசல்தான் என்பதால், இது அற்பமாகத் தோன்றலாம். அது அற்பமல்ல. இருநூறு லிட்டர் பச்சைத் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவரும் உஷ்ணம் அது. மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் போகும் அதே வண்டியைப் பிரேக் பிடித்து ஒருமுறை நிறுத்துவதில் பிறக்கும் உஷ்ணத்தோடு ஒப்பிட்டால், ஏறக்குறைய பதினெட்டு முறை நிறுத்தியதற்கு இது சமம். அதுவும் நடுவே ஆறுவதற்கு அவகாசமில்லாமல். வண்டியிலும் டிரெய்லரிலும் உள்ள பிரேக் தட்டுகள், உருளைகள் எல்லாம் சேர்ந்து 150 கிலோ இரும்பு என்று வைத்து, அவ்வளவு உஷ்ணத்தையும் அந்த இரும்பே ஏற்று, சிறிதும் வெளியே விடவில்லை என்று கொண்டால், அதன் சூடு ஆயிரம் டிகிரி உயர்ந்துவிடும். உண்மையில் காற்றும் உருளும் டயர்களும் ஒரு பங்கைத் தாங்கிக்கொள்கின்றன. இருந்தாலும் மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் இறங்கும்போது, செங்குத்தான இடங்களில் 80 கிலோவாட்டுக்கு மேற்பட்ட சக்தியை ஓட்டுநர் எங்கேயோ கழித்துக்கொண்டே இருக்க வேண்டியிருக்கிறது.

பிரேக்கிலேயே கழிக்க முற்பட்டால் நிகழ்வது இது. டிரெய்லரின் பிரேக்குகள் பெரும்பாலும் மின்சாரத்தால் இயங்குபவை: ஓட்டுநர் மிதித்ததும், உருளைக்குள் இருக்கும் மின்காந்தம் சுழலும் சுவரில் ஒட்டி இழுபட்டு, ஒரு நெம்புகோல் வழியாகப் பிரேக் கட்டைகளை விரித்து உருளையின்மேல் அழுத்துகிறது. சூடேறச் சூடேற இரும்பு உருளை விரிந்து கட்டைகளைவிட்டு விலகுகிறது. கட்டைகளின்மேல் உள்ள உராய்வுப் பூச்சைப் பிணைத்திருக்கும் பிசின் வெந்து, பற்றும் குணத்தை இழக்கிறது. மிதியை எவ்வளவு அழுத்தினாலும் வேகம் குறைவதில்லை. கருகிய நாற்றம் மூக்கில் ஏறும் வேளையில், உபாயம் தேடக் காலம் கடந்துவிட்டது என்றே கொள்ள வேண்டும்.

இந்த அனுபவத்திலிருந்து ஓர் அரிய கண்டுபிடிப்பு பிறந்தது. இண்டியானா மாநிலத்துக் கொலம்பஸ் நகரில் டீசல் எஞ்சின் தொழிலை நிறுவிய கிளெஸி கம்மின்ஸ், 1931-இல் தம் எஞ்சின் பூட்டிய லாரி ஒன்றில் இரண்டு சகாக்களுடன் தேசத்தின் குறுக்கே பிரயாணம் செய்து, கலிபோர்னியாவின் கஹோன் கணவாயில் இறங்கிக்கொண்டிருந்தார். பிரேக்குகள் சூடேறிக் கைவிட்டன. அடிவாரத்தில் ரயில் பாதை சாலையைக் கடக்கும் இடத்தில் சரக்கு ரயில் ஒன்று போய்க்கொண்டிருந்தது. அதன் கடைசிப் பெட்டி விலகியதற்கும் லாரி பாதையைக் கடந்ததற்கும் நூலிழை இடைவெளிதான். பலம் மிகுந்த எஞ்சினைப் படைத்தவருக்கு அதன் குறை அன்று பிரத்தியட்சமாயிற்று. பெட்ரோல் எஞ்சினில் காற்று நுழையும் வழியை ஒரு மூடி அடைக்கிறது. காலை எடுத்ததும் எஞ்சின் மூச்சுத் திணறி வண்டியைப் பிடித்து நிறுத்தும். டீசலில் அந்த மூடியே கிடையாது. காற்று தாராளமாக வந்து, நெருங்கி, நெருங்கியதும் வில்போல் விரிந்து பிஸ்டனைத் திரும்பத் தள்ளிவிடுவதால், தடுக்கும் சக்தி மிகச் சொற்பம். நெருக்கம் உச்சத்தை எட்டும் கணத்தில் வெளிவால்வைத் திறந்து, நெருங்கிய காற்றை வில்லாக விரியவிடாமல் வெளியேற்றிவிட்டால், அதை நெருக்குவதற்குச் செலவான சக்தி முழுவதும் வண்டியின் வேகத்திலிருந்தே கழியும் அல்லவா? ஓய்வு பெற்றபின் இந்த எண்ணத்துக்கு கம்மின்ஸ் உருவம் கொடுத்தார். 1961-இல் ஜேக்கப்ஸ் நிறுவனம் அதை விற்பனைக்குக் கொண்டுவந்தது. மலைச்சாலைகளில் இறங்கும் அமெரிக்க லாரிகள் படபடவென்று எழுப்பும் உறுமல் அந்தச் சாதனத்தின் குரல்.

பிக்கப்புகள் கையாளும் உபாயம் இதன் தாயாதி. இக்காலத்து டர்போக்களில் கழிவு வாயு பாயும் வழியைக் குறுக்கவும் விரிக்கவும் அசையும் இதழ்கள் உண்டு. இறக்கத்தில் அவை ஏறக்குறைய மூடிக்கொள்ள, வெளியேற வழியில்லாத வாயுவை எதிர்த்துப் பிஸ்டன்கள் தள்ள வேண்டியதாகிறது. 2007-இல் வந்த 6.7 லிட்டர் கம்மின்ஸ் எஞ்சின் முதல் இது தொழிற்சாலையிலேயே அமைந்து வருகிறது. பொத்தானை அழுத்தி, கியரைக் கீழிறக்கி, எஞ்சின் வேகமாகச் சுழலும்படி விட்டால், எண்பது கிலோவாட்டில் பெரும்பங்கு பிரேக்கைத் தொடாமலேயே கழிவுக் குழாய் வழியாகவும் ரேடியேட்டர் வழியாகவும் ஆகாசத்தில் கலந்துவிடுகிறது. முறுக்கு விசையின் மும்மடங்கு வளர்ச்சியைவிட, சத்தமில்லாமல் வந்து சேர்ந்த இந்த இதழ்களே அந்த வீடுகளில் பிரயாணம் செய்வோரின் உயிரை அதிகமாகக் காத்திருக்கின்றன என்று நான் கருதுகிறேன். ஆனால் அவற்றால் செய்ய முடிந்ததற்கும் எல்லை உண்டு. இறக்கத்தின் தலைப்பிலேயே, வேகம் பிடிக்குமுன், தாழ்ந்த கியருக்கு வந்துவிட வேண்டும். பிரேக்கை இடைவிடாது மெல்ல மிதித்துக்கொண்டே வராமல், விட்டு விட்டு உறுதியாக மிதித்து, நடுவே ஆற விட வேண்டும். ஸ்ட்ரெய்ட் கிரீக் பள்ளத்தாக்கில் சாலையோரமாக மேல்நோக்கி ஏறும் சரளைப் படுகைகள் வெட்டி வைத்திருக்கிறார்கள். பிரேக் இழந்த வண்டி அதில் ஏறிப் புதைந்து நிற்பதற்கு. அவை சும்மா கிடப்பவையல்ல.

கழிக்க வேண்டிய உஷ்ணம் எடைக்கு நேர்விகிதம் என்பதால், வண்டியின் உண்மையான எடை என்ன என்ற கேள்விக்கே கடைசியில் வந்து சேர்கிறோம். இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். ஐந்தாம் சக்கர டிரெய்லரின் எடையில் ஐந்தில் ஒரு பங்கு முளை வழியாக வண்டியின் முதுகில் இறங்கும். நம் உதாரணத்தில் 1,300 கிலோ. இழுக்கும் திறனாக விளம்பரம் எட்டு டன் என்று சொல்லலாம். ஆனால் முக்கால் டன் என்று பெயர் வழங்கும் வகுப்பைச் சேர்ந்த பிக்கப் பலவற்றில் மொத்த எடைக்கு வரம்பு 4,536 கிலோ. இரும்பில் வார்த்த டீசல் எஞ்சின் மட்டுமே அரை டன் கனக்கும் அந்த வண்டி, காலியாகவே மூன்றரை டன் இருக்கும். மிச்சமிருக்கும் ஆயிரம் கிலோவில் ஓட்டுநர், மனைவி, இணைப்புத் தகடு, பெட்டிகளில் உள்ள கருவிகள் எல்லாம் போக, முளைக்குக் கிடைப்பது 800 கிலோவுக்குக் குறைவு. இழுக்கும் பலம் ஏராளமாயிருக்க, சுமக்கும் பலம் அரை டன் பற்றாமல் போகிறது. அந்த அரை டன் பின்னச்சின் இரண்டே டயர்களின் மேல் ஏறி உட்காருகிறது. பின்னச்சில் நான்கு சக்கரம் பூட்டிய ஒரு டன் வகுப்பு வண்டியில், வரம்பு 6,350 கிலோ வரை இருப்பதால், இந்தச் சங்கடம் இல்லை. வாங்கும்போது கேட்க வேண்டிய முதல் எண் விளம்பரத்தில் இருக்காது. ஓட்டுநர் கதவின் தூணில் ஒட்டியிருக்கும் சிறு சீட்டில் இருக்கும்.

அமெரிக்காவின் நெடுஞ்சாலைகளில் லாரிகள் தங்கும் நிலையங்கள் பலவற்றில் எடை மேடைகள் உள்ளன, முன்னச்சு, பின்னச்சு, டிரெய்லரின் அச்சுகள் ஆகியவற்றைத் தனித்தனியே நிறுத்தி எடைச் சீட்டு தருவார்கள், கட்டணம் சொற்பம். தண்ணீர்த் தொட்டியை நிரப்பி, அலமாரிகளில் பாத்திரங்களையும் துணிமணிகளையும் அடுக்கி, பிரயாணத்துக்கு எப்படிப் புறப்படுவீர்களோ அப்படியே ஒருமுறை நிறுத்துங்கள். பின்னர் டிரெய்லரைக் கழற்றிவிட்டுப் பிக்கப்பை மட்டும் ஒருமுறை நிறுத்துங்கள். பிக்கப்பின் இரண்டு அச்சுகளில் காணும் வித்தியாசமே முளையின் பாரம். டிரெய்லரோடு நிறுத்தியபோது பிக்கப்பின் இரண்டு அச்சுகளும் சேர்ந்து காட்டிய எடையையும் கதவுத் தூணில் உள்ள மொத்த எடை வரம்பையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பார்த்து, முன்னது பின்னதற்குள் அடங்கினால் மட்டுமே மலைச்சாலைக்குப் புறப்படுங்கள்.